களிம்பு

என் தம்பியை வேலை செய்த இடத்தில் எல்லோரும் ‘வால்வு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், வெந்நீரும் நீராவியும் ஓடும் குழாய்களுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவன். எங்கே என்ன கோளாறு என்றாலும் அவன் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, “வால்வு எங்க?” என்பதுதான். மகள் பிறந்தபோது, பிள்ளை ஓயாமல் அழுகிறது என்று செவிலி சொன்னதற்கும் அதையே கேட்டான் என்று ஒரு கதை உண்டு. அது பொய். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அவன் கேட்கவில்லை. ஆனால் கேட்கக்கூடியவன்தான்.

பிளாஸ்டிக் வால்வைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். பொம்மைக் கடைச் சாமான் என்பான். “பித்தளை நல்ல மாப்பிள்ளை மாதிரி அக்கா. எவ்வளவு முறுக்கினாலும் உடையாது” என்பான். ஓய்வு பெற்று வந்த நாளில் மற்றவர்கள் சால்வையும் கடிகாரமும் கொண்டுவருவார்கள். இவன் கொதிகலன் அறையில் கழித்துப் போட்ட ஒரு பெரிய பித்தளை வால்வைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அதற்கு எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்திருந்தான்.

அவன் பெண்டாட்டி துறைமுகத்து மீன் கூடத்தில் எடை போடுகிறவள். கல்யாணத்துக்கு முன்னும் அங்கேதான், பின்னும் அங்கேதான். வாய் பெரிய வாய். தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் அவள் நாக்கு மறுபக்கம் சாயும் என்பார்கள். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஞாபகம் கழன்றது. முதலில் சாவியை மறந்தாள், பிறகு அடுப்பை, பிறகு வார்த்தைகளை. நான் என் வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களோடு வந்து தங்கினேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். போகச் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் அவள் மறக்கவில்லை. வேலைக்குப் போக வேண்டும். கதவு திறந்திருந்தால் போதும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பாள். யாராவது அடையாளம் கண்டு கொண்டுவந்து விடுவார்கள். ஒரு தடவை ஐஸ் லாரி ஒன்று உரசிக்கொண்டு போயிருக்கிறது. ரவிக்கைக் கை கிழிந்து தொங்க வந்து நின்றாள்.

அதைக் கேள்விப்பட்டு மகள் வந்தாள். வேறு ஊரில் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். வந்த காலோடு பேசினாள்.

“அப்பா, இன்னொரு தடவை அம்மா ரோட்டுக்குப் போனாங்கன்னா நான் கூட்டிட்டுப் போய் இல்லத்துல சேத்துடுவேன்.”

“என்ன இல்லம்?”

“இந்த மாதிரி ஆளுங்கள பாத்துக்கறதுக்குன்னே இருக்கற இடம்பா.”

“எந்த மாதிரி ஆளு?”

மகள் வாசல் பக்கம் திரும்பினாள். “கதவையாவது பூட்டி வைங்க” என்றாள்.

“பூட்டி வைக்க அவ என்ன பீரோவுல இருக்கற நகையா?” என்றான் தம்பி.

அவன் ஒரு நாளும் பூட்டவில்லை. ஊருக்கு முன்னால் எழுந்து தானே கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போனவள், உள்ளே நின்று தாழ்ப்பாளை ஆட்டுவதைப் பார்க்க அவனால் ஆகாது. இதைத்தான் மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை.

தம்பிக்குப் பல் பிடுங்கப் போனபோது அவன் பெண்டாட்டியையும் அழைத்துக்கொண்டு போனோம். பல் மருத்துவர் வீட்டு முன்னறையில் ஒரு மீன் தொட்டி. அவள் அதன் எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போய்விட்டார்கள், அவள் அசையவில்லை. கடைசியில் கண்ணாடியில் விரலை வைத்துத் தெளிவாகச் சொன்னாள்: “இதுங்க நல்ல தண்ணி மீனு. நம்மளுது இல்ல.”

வீட்டுக்கு வந்ததும் தம்பி வீங்கின கன்னத்தோடு சொன்னான்: “அக்கா, ஹால்ல ஒரு கடல் தொட்டி கட்டப்போறேன்.”

“அலை ஓய்ஞ்ச பிறகு கடல்ல குளிக்கலாம்னு ஒருத்தன் காத்திருந்தானாம். நீ அவனுக்கும் மேல போயிட்ட. கடலையே வீட்டுக்குக் கூப்பிடற.”

“அவ கடலுக்குத்தானே போறா. அது இங்கயே இருந்துட்டா எங்க போவா?”

பல் வலியில் பேசுகிறான் என்று விட்டுவிட்டேன். வலி போன பிறகும் பேசினான்.

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். கண்ணாடி கட்டைவிரல் கனம். சுமை தாங்க இரும்பில் ஒரு தாங்கி பற்றவைத்து, அதைச் சுற்றிப் பலகையால் அடிப்பெட்டி செய்தான். சிலிகான் பூசி ஒட்டிய கண்ணாடியை யாரும் தொடக்கூடாது என்று ஒரு வாரம் எங்களை ஹால் பக்கமே விடவில்லை. தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் தலையைத் தாண்டி வழிகிற தண்ணீர் குழாய் வழியாக அடிப்பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே அழுக்கு நுரையாகக் கழியும். மிச்சத்தைப் பம்பு மறுபடியும் மேலே தள்ளும்.

“மேல இருந்து கீழ விட்டு, கீழ இருந்து மேல ஏத்தறியா? கிணறு வெட்டி, அந்தத் தண்ணிய அதே கிணத்துல ஊத்தற வேலை” என்றேன்.

“மனுஷ ரத்தமும் அப்படித்தான் அக்கா ஓடுது” என்றான்.

இறங்குகிற குழாயில் ஒரு வால்வு வேண்டும். அதைத் திருகித் திருகி, தண்ணீர் காற்றை இழுக்காமல், சத்தமில்லாமல் இறங்கும்படி சரிசெய்ய வேண்டும். வண்ண மீன் விற்கிற கடைக்காரர் பிளாஸ்டிக் வால்வு ஒன்றைக் கொடுத்தார். நல்ல மனிதர், இரண்டு தடவை வீட்டுக்கே வந்து பார்த்தார். போகும்போது, “அண்ணே, இரும்பு கிரும்பு எதுவும் தண்ணியில படக்கூடாது. துருப்பிடிச்சா எல்லாம் போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உப்பு மூட்டைகள் வந்து இறங்கின. தெருவில் ஒரு அம்மாள், “என்ன, வீட்டுக்குள்ளயே உப்பளம் போடறீங்களா?” என்று கேட்டாள். “ஆமா, நீங்க வந்து வாரிக்கிட்டுப் போங்க” என்றேன். பீப்பாயில் சுத்தத் தண்ணீர் பிடித்து, உப்புக் கலந்து, கருவியில் அளந்து, தம்பி நிரப்பினான். பம்பு ஓடத் தொடங்கியதும் குழாய் மேல் காதை வைத்துக்கொண்டு வால்வைத் திருகினான். சளசளப்பு குறைந்து, சிணுங்கலாகி, நின்றது. தண்ணீர் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அவன் முகத்தில் அன்றைக்குப் பார்த்த களையை அவன் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் அந்தப் பிளாஸ்டிக் வால்வின் கழுத்து விரிசல் விட்டுவிட்டது. அவன்தான், பித்தளைக்குப் பழகின கையால் பலமாக முறுக்கியிருக்கிறான். ஹால் முழுக்க உப்புத் தண்ணீர். அவன் துணியைப் போட்டு அழுத்திக்கொண்டு “யாரும் வராதீங்க” என்று கத்துகிறான். அவளோ தண்ணீரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு வந்தாள். வழுக்கி விழுந்தாள். முட்டி வீங்கிப் போனது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, தடவிக்கொள்ள மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

தம்பி முட்டியைத் தடவிவிட்டபடியே சொன்னான்: “பொம்மைச் சாமானை நம்பி உன்னை விழ வெச்சேன்.” பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, அந்தப் பித்தளை வால்வை எடுத்தான்.

“கடைக்காரர் என்னமோ சொன்னாரேடா” என்றேன்.

“இரும்பு கிரும்புன்னு சொன்னார். துருப்பிடிக்கும்னு சொன்னார். பித்தளை எந்தக் காலத்துல அக்கா துருப்பிடிச்சிருக்கு?”

உண்மைதானே? பித்தளை துருப்பிடிக்காது. கடைக்காரர் சொன்ன அந்தக் ‘கிரும்பு’க்குள் பித்தளையும் அடக்கம் என்று யாருக்குத் தெரியும்.

தண்ணீர் பழக வேண்டும் என்று வெறும் பாறைகளோடு பல வாரம் ஓட்டினான். பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விட்டான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் நத்தைகள். கைகளை விரித்து ஆடும் ஒரு கடல் சாமந்தி. சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று. அது பாறைக்குப் பாறை போய்ப் போய், மீசையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு வரும். அவள் அதற்கு ‘மேஸ்திரி’ என்று பெயர் வைத்தாள். “மேஸ்திரி வராரு, எல்லாம் எந்திரிங்க” என்பாள். நான் எழுந்து நிற்க வேண்டும். நின்றிருக்கிறேன்.

வெளியே போவது நின்றது. காலையில் முகம் கழுவியதும் தொட்டிக்கு எதிரே தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அடிப்பெட்டிக் கதவைத் திறந்து உள்ளே சின்னத் தொட்டியில் நுரை கழிவதைப் பார்ப்பாள். மேல் தொட்டியில் கையை விட்டால் அந்த ஆரஞ்சு மீன்கள் வந்து விரலைக் கொத்தும். வாசல் கதவு திறந்தே கிடந்தது. மகள் வந்து பார்த்தாள், அம்மாவின் பக்கத்தில் பாயில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். “சரிப்பா, இப்படியே இருக்கட்டும்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள். தம்பி அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டான்.

முதலில் செத்தவை நத்தைகள். கண்ணாடியில் பிடி விட்டு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து மல்லாந்து கிடந்தன. சாமந்தி சுருங்கிச் சுருங்கி ஒரு பழைய காலுறை மாதிரி ஆனது. தம்பி உப்பை அளந்தான், சூட்டை அளந்தான். பாதித் தண்ணீரை மாற்றினான். இரண்டு நாள் தெளிவாக இருக்கும், மறுபடி அதே கதைதான். மீன்களுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

அந்த நாட்களில்தான் அவள் அந்த வார்த்தையைச் சொல்லத் தொடங்கினாள். வார்த்தைகள் குறைந்துபோன காலம் அது. விரலை நீட்டிக்கொண்டு, “களிம்பு” என்பாள். தம்பி உடனே ஓடிப் போய் மருந்துக் குப்பியை எடுத்து வருவான்.

“வலிக்குதாம்மா?” முட்டியில் தடவுவான்.

அவள் பொறுமையாகத் தடவக் கொடுப்பாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் மறுபடி, “களிம்பு.”

“இப்பதான தடவினேன்.”

“களிம்பு.”

“விரல்லயா? விரல் வலிக்குதா?” விரலிலும் தடவுவான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவன் கையிலிருந்த குப்பியைத் தட்டிவிட்டாள். மருந்து சுவரெல்லாம் தெறித்தது. “ரொம்ப வலி போல இருக்கு” என்று சொல்லி, அவன் இன்னும் வீரியமான களிம்பாக வாங்கி வந்தான்.

அன்றைக்குத்தான் மேஸ்திரி செத்தது. மல்லாந்து கால்களை உதறிக்கொண்டு கிடந்தது. அவள் பாயிலிருந்து எழுந்து நின்றாள், வேறு ஒன்றும் செய்யவில்லை.

கடைக்காரரை அழைத்துக்கொண்டு வந்தான். அவர் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். “யாராவது கையில மருந்து கிருந்து தடவிட்டு உள்ள விட்டாங்களா அண்ணே?” என்று கேட்டார். தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். விரல் பளபளவென்று இருந்தது. அவர் அதற்கு மேல் எதையும் தேடவில்லை, இவனும் தேடச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே.

தொட்டிக்கு மூடி போட்டுக் கொக்கி வைத்தான். அடிப்பெட்டிக் கதவுகளைத் திருகாணி போட்டு இறுக்கினான். “கொஞ்ச நாளைக்குத்தாம்மா. புதுசா ஒரு மேஸ்திரி வாங்கி விட்டுட்டு, திறந்துடறேன்” என்றான். அவள் மூடியைப் பிராண்டினாள். அடிப்பெட்டிக் கதவை உள்ளங்கையால் அடித்து, “களிம்பு, களிம்பு” என்றாள். மருந்தை அலமாரி மேல் தட்டில் ஒளித்து வைத்தான்.

மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள். தம்பி கடைக்குப் போயிருந்தான். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இதற்கு என்னைக் குற்றம் சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், துணி தானாக ஏறிப்போய்க் கொடியில் தொங்காது. கதவைத் திறந்து வைத்திருந்தவனையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

மழை வேறு பிடித்துக்கொண்டது. துறைமுகத்து மீன் கூடத்தில், ஐஸ் உருகி ஓடும் தரையில் உட்கார்ந்து, யாரோ வைத்துவிட்டுப் போன கத்தியால் மீன் அறுத்துக்கொண்டிருந்தாளாம். மீனோடு கையும் அறுபட்டிருக்கிறது. ரத்தம் எது மீனுடையது, எது அவளுடையது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. உள்ளங்கையில் தையல் போட்டுக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

மகள் வந்தாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. அம்மாவின் துணிகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். தம்பி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

“அத்தை, அந்தப் பம்பை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. அந்தச் சத்தம் கேட்டா தலை வலிக்குது” என்றாள் மகள். அந்தப் பம்புக்குச் சத்தமே கிடையாது. எத்தனை பாடுபட்டு அவன் அடக்கிய சத்தம். ஆனாலும் அவன் அடிப்பெட்டிக் கதவின் திருகாணியைக் கழற்றினான்.

கதவு திறந்ததும், ஒழுகினால் துடைக்கலாம் என்று நான் துணியோடு குனிந்தேன். அவள் தினமும் உட்கார்ந்த பாயில் மண்டி போட்டேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் வால்வு நேராகக் கண்ணில் படுகிறது. மரை ஓரமாக உப்புக் கசிந்து பூத்து, அந்தப் பூவெல்லாம் மயில் கழுத்து மாதிரி பச்சையும் நீலமுமாக வழிந்திருந்தது.

“ஏண்டா, இவ்வளவு களிம்பு ஏறியிருக்கு?” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

தம்பி கையில் திருப்புளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் அதைப் பார்க்காமல் இல்லை. எத்தனையோ தடவை அதே வால்வைத் தொட்டிருக்கிறான். பச்சை பிடித்த பித்தளைக்கு நடுவில்தானே வாழ்க்கை முழுக்க வேலை செய்தான். அவனுக்கு அது வயசான வால்வு, அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. மீன் கூடத்துப் பித்தளைத் தராசுத் தட்டில் உப்புத் தண்ணீர் பட்டுக் களிம்பு ஏறினால், சாம்பல் போட்டுத் தேய்க்காமல் அதில் மீனை வைக்க விடமாட்டார்கள். அது விஷம். அதைத் தேய்த்துத் தேய்த்து அவள் கை ரேகையே போயிருந்தது.

அவன் எழுந்து மகளிடம் போனான். நடந்ததைச் சொன்னான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“உங்கம்மாதாம்மா கண்டுபிடிச்சா. நான் பாத்தும் கண்டுக்கல, கடைக்காரர் பாக்கல, அத்தை பாக்கல. அவ பாத்தா. பாத்துச் சொல்லவும் சொன்னா. புத்தி இருக்குதும்மா அவளுக்கு. இரு, நான் வால்வை மாத்திடறேன். இங்கயே இருக்கட்டும்.”

மகள் பெட்டியை மூடினாள். அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது.

“இருக்குப்பா. அம்மாவுக்குப் புத்தி இருக்கு. அவங்க ஒரே வார்த்தைய எத்தனை நாள் சொன்னாங்க? நீங்க மருந்து தடவிட்டு இருந்தீங்க. நாளைக்கு நெஞ்சு வலிக்குதுன்னு வேற ஏதாவது வார்த்தைல சொல்லுவாங்க. அப்ப என்னத்த எடுத்துட்டு வருவீங்க?”

தன் பக்கத்துக்கு என்று அவன் கொண்டுபோன ஒரே சாட்சி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது.

அன்று மாலையே மகள் அவளை இல்லத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அவன் வால்வைக் கழற்றி எறிந்தான், வேறு போட்டான். பித்தளையிலிருந்து கரைந்த செம்பு விஷத்தைப் பாறையும் மணலும் குடித்துவிட்டன, மீன் தாங்கினாலும் இனி அதில் நத்தை வாழாது, இறால் வாழாது என்று கடைக்காரர் சொன்னார். பாவம், அவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். மீன்களை அவரிடமே கொடுத்தான். தண்ணீரைக் குழாய் போட்டுச் சாக்கடைக்கு விட்டான்.

இல்லத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். பார்க்க விடுகிற நாளெல்லாம் தம்பி போகிறான். போய் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் என்னிடம் வந்து உட்காருவான்.

“அக்கா, இன்னைக்கு ‘படி’ன்னா.”

“எந்தப் படி? ஏறற படியா, அளக்கற படியா?”

“தெரியலையே. என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவை சொன்னா.”

“ஏதாவது படிச்சுக் காட்டச் சொல்லியிருப்பா.”

“அவளுக்கு எங்க அக்கா படிப்பு?”

“எனக்குந்தான் இல்ல. படிக்கச் சொல்லிக் கேக்கத் தெரியாதா?”

அடுத்த தடவை அவளை மாடிப்படி வரைக்கும் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய்ப் பார்த்தான். அவள் படியில் கால் வைக்கவில்லை. அதற்கடுத்த தடவை, தேடிப் பிடித்து ஒரு அரிசிப் படியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். வாசலில் சோதித்த காவலாள், “இது எதுக்குய்யா?” என்று சிரித்திருக்கிறான். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். செய்தித்தாள் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினான். அவள் தூங்கிப்போனாளாம்.

அப்படி ஒவ்வொரு வார்த்தையாகக் கொண்டுவந்தான். ‘மாலை’, ‘திரி’, ‘ஆறு’. நாங்கள் இருவரும் உட்கார்ந்து அலசுவோம். ஒன்றுக்கும் நிச்சயமாக விடை கிடைத்ததில்லை. ஆனாலும் அவன் எதையும் இப்போது தனக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘தண்ணி’ என்று அவள் சொன்னால்கூட, தம்ளரை நீட்டிவிட்டு, அவள் குடித்து முடிக்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம். அங்கே இருக்கும் செவிலி சொன்னாள்.

நேற்றுப் போய் வந்தான். முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான்தான் கேட்டேன்.

“இன்னைக்கு என்ன சொன்னா?”

“சத்தம் வரல அக்கா. வாய் மட்டும் அசைஞ்சுது.”

“எப்படி அசைஞ்சுது?”

உதட்டைக் குவித்து, பிறகு விரித்து, செய்து காட்டினான். இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். செய்தான். நானும் செய்து பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை.